இரசாயனவியலை இரண்டாம் தடவை எழுதியவர்கள் வாருங்கள்

வடமராட்சி, பயோ, இரண்டு தடவை

மேலே இருப்பது ஊர், பிரிவு, எத்தனை தடவை எழுதியது என்பது; பயோ என்றால் உயிரியல் பிரிவு, மாத்ஸ் என்றால் கணிதப் பிரிவு. இலங்கையில் 2022 உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வந்தது 2023 செப்டெம்பர் 4. அடுத்த பரீட்சை தொடங்கியது 2024 ஜனவரி 4. இடையில் சரியாக நான்கு மாதம். எனக்கு உயிரியல் பி, பௌதிகவியல் சி, இரசாயனவியல் எஸ், அதாவது வெறும் சாதாரண சித்தி. கெமிஸ்ரியை மட்டும் திரும்ப எழுத முடிந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று பாடமும் ஒரே தடவையில் எழுதியதாக இருக்க வேண்டும் என்பதால், எடுத்த பி-யையும் கைவிட்டுவிட்டுத் திரும்ப முதலிலிருந்து.

2025 ஏப்ரலில் பெறுபேறு வந்ததிலிருந்து ஊரில் தங்கச்சிமார் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "அக்கா, எங்கிருந்து தொடங்குகிறது?" நான் பிழையான இடத்திலிருந்து தொடங்கி மூன்று கிழமையைத் தொலைத்தவள். அதனால் அதை முதலில் சொல்லுகிறேன்.

என் முதல் பெறுபேறு வந்த மறுநாளே அணுக்கட்டமைப்பிலிருந்து குறிப்புக் கொப்பியைத் திறந்து வாசிக்கத் தொடங்கினேன். எல்லாம் தெரிந்த மாதிரியே இருந்தது. தெரிந்ததைத் திரும்ப வாசிக்கும்போது மனதுக்கு ஒரு ஆறுதல் வருமே, அதில் மூன்று கிழமை போய்விட்டது. அப்புறம் ஒருநாள் ரியூசன் சேர் கேட்டார்: "பிள்ளை, போனமுறை எந்தெந்தக் கேள்வியில் புள்ளி போனது?" எனக்குப் பதில் தெரியவில்லை. விடைத்தாளை எங்களுக்குத் திருப்பித் தரமாட்டார்கள். மீள்பரிசீலனைக்குப் போட்டாலும் வருவது ஒரு முடிவு மட்டும்தான், எங்கே விழுந்தோம் என்பது வராது.

அன்றிரவு போனமுறை வினாத்தாளை எடுத்து, பரீட்சை மண்டபத்தில் நான் என்ன எழுதினேனோ அதையே நினைவிலிருந்து எழுதினேன். இப்போது தெரிந்ததைச் சேர்க்கக் கூடாது என்று எனக்கு நானே கட்டளை போட்டுக்கொண்டேன். முடிக்க இரண்டு நாள் ஆனது. பிறகு பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளித்திட்டத்தை வைத்துச் சிவப்புப் பேனையால் திருத்தினேன். அழுதேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் ஏன் எஸ் வந்தது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

வெப்ப இரசாயனக் கணக்கில் விடை சரி, சமன்பாடுகளில் பௌதிக நிலை எழுதவில்லை. நீரைத் திரவமாக எடுப்பதா ஆவியாக எடுப்பதா என்பதில் மட்டும் 25 பாகை செல்சியசில் மூலுக்கு ஏறக்குறைய 44 கிலோயூல் வித்தியாசம் வருகிறது. நிலையை எழுதாவிட்டால் திருத்துபவருக்கு நான் எதைச் சொல்லுகிறேன் என்று எப்படித் தெரியும்? இன்னோரிடத்தில் வாயு மாறிலி 8.314 என்று போட்டு, அமுக்கத்தைப் பசுக்காலில் வைத்து, கனவளவை லீற்றரிலேயே விட்டிருந்தேன். விடை ஆயிரம் மடங்கு தவறு. கணிப்பான் கொண்டுபோக முடியாத பரீட்சை, அந்த அவசரத்தில் இதெல்லாம் கண்ணில் படவில்லை.

பெரிய அடி சேதன இரசாயனத்தில். தந்த சேர்வையில் ஒரு பக்கம் புரோமீன், மறுபக்கம் ஐதரொட்சில் கூட்டம். நான் நேரே மக்னீசியமும் உலர் ஈதரும் போட்டுக் கிரினாட் சோதனைப்பொருள் ஆக்கி, அதன்மேல் மூன்று படி கட்டியிருந்தேன். ஐதரொட்சில் கூட்டத்தின் ஐதரசனே அந்தக் கிரினாட்டை அழித்துவிடும். முதல் படி நிற்கவில்லை என்றால் மேலே கட்டியது ஒன்றுமே நிற்காது. இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. கொப்பியில் நானே மஞ்சள் நிறம் அடித்து வைத்திருந்தேன். வாசித்திருக்கிறேன், நிறம் அடித்திருக்கிறேன், ஒருமுறைகூட எழுதிப் பார்க்கவில்லை.

அதன்பிறகு வாசிப்பை நிறுத்தி எழுத்தைத் தொடங்கினேன். காலையில் ஒரு பழைய வினா நேரம் வைத்து எழுதுவது, மாலையில் புள்ளித்திட்டத்தோடு திருத்துவது. ஒரு சேர்வையை இன்னொன்றாக மாற்றும் கேள்விகளை எப்போதும் கடைசிப் பொருளிலிருந்து பின்னோக்கிப் பார்க்கப் பழகினேன். வேண்டியது அல்டிகைட்டு என்றால் முதல் அற்ககோலைப் பீசிசி (PCC) என்ற மென்மையான ஒட்சியேற்றி போட்டு அங்கேயே நிறுத்த வேண்டும். அமில பொற்றாசியம் பரமங்கனேற்று என்றால் அது காபொட்சிலிக்கமிலம் வரை போய்விடும். இப்படி ஒவ்வொரு படியிலும் "இது எங்கே நிற்கும்" என்று கேட்டு எழுதினேன்.

நேரத்தையும் பங்கிட்டேன். இரண்டாம் வினாத்தாள் மூன்று மணித்தியாலம். அமைப்புக் கட்டுரை நான்குக்கும் 20 நிமிடப்படி 80, பீ, சீ பகுதிகளில் எழுதும் நான்குக்கும் 25 நிமிடப்படி 100. மேலதிகமாகத் தரும் 10 நிமிட வாசிப்பு நேரத்தில் எந்த நான்கு கட்டுரை என்று முடிவெடுத்துவிட வேண்டும், பிறகு மாற்றக் கூடாது. தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் பழைய தவணை வினாத்தாள்களை இப்படித்தான் வீட்டு விறாந்தையில் இருந்து எழுதினேன். 2024 மே கடைசியில் பெறுபேறு வந்தது. இரசாயனவியல் பி.

மற்றவர்களும் எழுதுங்கள். சரிவராமல் போனவர்களும் எழுதுங்கள், அதுவும் வேண்டும்.

கிளிநொச்சி, மாத்ஸ், மூன்று தடவை

என்னுடைய மூன்று தடவையும் நாட்டின் மிக மோசமான காலத்தில் விழுந்தவை. 2022 பெப்ரவரி, 2023 ஜனவரி, 2024 ஜனவரி. முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் இடையில் எரிபொருள் வரிசை, கொப்பி விலை, பஸ் இல்லாமை. இரண்டாம் தடவை பரீட்சை நடந்துகொண்டிருந்த நாட்களிலும் மின்வெட்டு நிற்கவில்லை. விளக்கில் இருந்து படித்த தலைமுறை பற்றி அப்பா சொல்லும்போது கதையாகக் கேட்டிருக்கிறேன், பிறகு நானே இருந்தேன்.

எனக்குப் பிரச்சினை முதலாம் வினாத்தாள், எம்சிகியூ என்கிற பல்தேர்வு வினாக்கள். 50 வினா, இரண்டு மணித்தியாலம், ஒன்றுக்கு 2 நிமிடம் 24 செக்கன். முதல் இரண்டு தடவையும் 38 அளவில் நிற்கும்போது மணி அடித்தது. 31 முதல் 40 வரை நான்கு கூற்றுத் தந்து எவை சரி என்று கேட்பார்களே, அங்கேதான் நேரம் போனது. நான் என்ன செய்தேன் என்றால், ஒரு கூற்றைப் பார்த்தவுடன், எந்தெந்தக் கூற்று சரி என்றால் எந்த விடை என்று தந்திருக்கும் அட்டவணைக்கு ஓடி எந்தத் தெரிவு பொருந்தும் என்று தேடுவேன். தேடத் தேடக் குழப்பம். மூன்றாம் தடவைக்கு ஒரு நண்பன் சொல்லித் தந்தான்: அட்டவணையைக் கையால் மூடு. நான்கு கூற்றுக்கும் தனித்தனியே சரி, பிழை போடு. பிறகுதான் கையை எடு. ஒரு மாதம் இதையே பழகினேன்.

இரண்டு கூற்றுத் தந்து, இரண்டாவது முதலாவதை விளக்குகிறதா என்று கேட்கும் 41 முதல் 50 வரைக்கும் ஒரு வழி வைத்திருந்தேன். இரண்டு கூற்றும் உண்மையாக இருந்தால் நடுவில் "ஏனெனில்" என்று போட்டு வாய்க்குள் வாசிப்பேன். உண்மையான இரண்டு வசனம் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது, "ஏனெனில்" போட்டால் காதுக்கே தெரியும். பிழையான விடைக்குப் புள்ளி கழிக்க மாட்டார்கள், அதனால் ஒன்றையும் வெறுமையாக விடாதீர்கள்.

இன்னொன்று சொல்ல ஆசை. எங்கள் பாடசாலையில் ஒன்றரை வருடம் இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லை. கைத்தொழில் இரசாயனத்தை நான் தனியே பாடமாக்கினேன், ஒன்றும் நிற்கவில்லை. ஒருநாள் பரந்தனில் பழைய இரசாயனத் தொழிற்சாலையைப் பற்றி அப்பாவிடம் கேட்டேன். ஆனையிறவு உப்பைக் கொண்டுவந்து, உப்புக்கரைசலை மின்பகுத்து, எரிசோடாவும், அதாவது சோடியம் ஐதரொட்சைட்டும், குளோரினும் எடுத்தார்களாம். யுத்தம் வந்து அது நின்றது. நான் பாடமாக்கிக்கொண்டிருந்த மென்சவ்வுக் கலத்தின் தாக்கமும் அதேதான்! அனோட்டில் குளோரின், கதோட்டில் ஐதரசன், கரைசலில் சோடியம் ஐதரொட்சைட்டு. நான் தினமும் சைக்கிளில் கடந்து போகும் இடத்தில் என் பாடப்புத்தகம் ஒருகாலத்தில் வேலை செய்திருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பாடம் மறக்கவே இல்லை. புல்மோட்டைக் கனிய மணலில் இருக்கும் உரூத்தைல், தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்று மற்றவற்றையும் ஊரோடு சேர்த்தே படித்தேன்.

மூன்றாம் தடவை, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி போதுமாக வந்தது. அதற்குமேல் தடவை இல்லை என்பது தெரிந்தே எழுதினேன்.

ஹட்டன், பயோ, இரண்டு தடவை

எனக்குச் சரிவரவில்லை. கேட்டபடியால் எழுதுகிறேன்.

தோட்டத்தில் இருந்து தமிழ் மொழியில் கெமிஸ்ரி வகுப்புக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டிக்குப் போக வேண்டும். முதல் பஸ்ஸை விட்டால் முதல் மணித்தியாலம் போய்விடும். இரண்டாம் தடவை முழுவதும் வகுப்பை மாற்றிக்கொண்டே இருந்தேன், இந்த சேர் சரியில்லை அந்த சேர் நல்லவர் என்று. மூன்று பேரின் குறிப்பு இருந்தது, ஒருவருடையதையும் முடிக்கவில்லை. சி வந்தது, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குப் போதவில்லை. மூன்றாம் தடவை எழுத வீட்டில் வசதி இல்லை.

இப்போது தாதியர் பயிற்சியில் இருக்கிறேன். கரைசல் ஐதாக்கும் கணக்கு வரும்போது மற்றவர்கள் என்னிடம்தான் கேட்க வருகிறார்கள். படித்தது கையில் இருக்கிறது.

மட்டக்களப்பு, ஆசிரியர், 2011 இல் இரண்டாம் தடவை

தம்பி தங்கச்சிமார் எழுதியதை எல்லாம் வாசித்தேன். நான் இரண்டாம் தடவை எழுதிய 2011 இல் பழைய பாடத்திட்டத்துக்கு ஒரு வினாத்தாள், புதிய பாடத்திட்டத்துக்கு ஒரு வினாத்தாள். இரண்டு பகுதியினரையும் சேர்த்து இசட் புள்ளி கணித்ததில் பெரிய சிக்கல் வந்து, 2012 இல் உயர் நீதிமன்றமே அதை இரத்துச் செய்தது. படித்து முடித்த பிறகும் மாதக்கணக்கில் என்ன ஆவோம் என்று தெரியாமல் இருந்தோம். அந்தக் காத்திருப்பை யாருக்கும் விரும்பமாட்டேன்.

வகுப்பில் இரண்டாம் தடவைப் பிள்ளைகளிடம் நான் அதிகம் காண்பது பண்பறி பகுப்பில், அதாவது கரைசலில் உள்ள அயன்களைக் கூட்டம் கூட்டமாக வீழ்படியச் செய்து அடையாளம் காண்பதில், வரும் பிழை. படிமுறை மனப்பாடமாக இருக்கும். "மூன்றாம் கூட்டத்துக்குப் போகமுன் ஏன் கொதிக்க வைத்துச் செறிந்த நைத்திரிக்கமிலம் சேர்க்கிறோம்?" என்று கேட்டால் அமைதி. இரண்டாம் கூட்டத்தில் செலுத்திய ஐதரசன் சல்பைட்டு, இரும்பு(III) அயனை இரும்பு(II) அயனாகத் தாழ்த்தியிருக்கும். கொதிக்க வைத்து மீதி வாயுவை வெளியேற்றி, நைத்திரிக்கமிலத்தால் இரும்பைத் திரும்ப ஒட்சியேற்றினால்தான் அது ஐதரொட்சைட்டாக முழுதாக வீழ்படியும். அடுத்தது அமோனியம் குளோரைட்டு. அது ஐதரொட்சைட்டு அயன் செறிவைக் கட்டுப்படுத்துவதால் மக்னீசியம் போன்றவை அந்த இடத்தில் வீழ்படியாது. பொது அயன் விளைவும் கரைதிறன் பெருக்கமும் இந்த ஒரே வரியில் இருக்கின்றன. பௌதிக இரசாயனம் வேறு கொப்பி, அசேதனம் வேறு கொப்பி என்று வைத்திருக்கும் பிள்ளைக்கு இது தெரிய வழியில்லை. என் வகுப்பில் இரண்டாம் தடவைக்காரர் ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் "ஏன்" என்று ஒரு நிரல் வைத்து நிரப்ப வேண்டும்.

வடமராட்சித் தங்கச்சி மண்டபத்தில் எழுதியதை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது நல்ல யோசனை. நாளைக்கே என் பிள்ளைகளிடம் செய்விக்கப் போகிறேன்.

முல்லைத்தீவு, ஒரு தாய்

நான் பரீட்சை எழுதியவள் இல்லை. மகன் 2024 இல் எழுதினான். நவம்பர் கடைசியில் வெள்ளத்தால் பரீட்சையை இடையில் நிறுத்தி, டிசம்பர் 4 தான் திரும்பத் தொடங்கினார்கள். வீட்டுக்குள் தண்ணீர் வந்து அவனுடைய கெமிஸ்ரிக் கொப்பிகள் எல்லாம் ஊறிப்போயின. வெயிலில் காயவைத்தும் மை பரவிவிட்டது. எஸ் வந்தது. 2025 நவம்பரில் திரும்ப எழுதுகிறான். முந்தி என்னோடு கதைப்பான், இப்போது அறையை விட்டு வருவதில்லை. சொந்தக்காரர் வந்தால் பின்வாசலால் போய்விடுகிறான். அவனிடம் என்ன கேட்பது, என்ன கேட்காமல் விடுவது? பிள்ளைகள் யாராவது சொல்லுங்கள்.

வடமராட்சி, பயோ, இரண்டு தடவை

அன்ரி, அந்த நான்கு மாதமும் என்னால் தாங்க முடியாமல் இருந்தது "எவ்வளவு படித்தாய், முடித்துவிட்டாயா" என்ற கேள்விதான். அதற்கு எந்தப் பதில் சொன்னாலும் பொய்யாக இருந்தது. எனக்கு உதவியது அம்மா செய்த ஒரு வேலை. நான் எழுதத் தொடங்கும்போது மேசையில் மணிக்கூட்டை வைத்துவிட்டுப் போவார், 25 நிமிடத்தில் வந்து "பேனையை வை" என்பார். அம்மாவுக்கு இரசாயனவியல் தெரியாது. ஆனால் ஒருநாளும் ஒரு நிமிடம் கூடுதலாக விட்டதில்லை. நாளுக்கு இரண்டு தடவை அப்படி அறைக்குள் வந்ததால் நாங்கள் கதைப்பதும் நிற்கவில்லை. வந்தவர்களிடம் அம்மாவே "அவள் திரும்ப எழுதுகிறாள்" என்று முதலில் சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு எனக்குப் பின்வாசல் தேவைப்படவில்லை.

கொப்பி போனதை வாசித்துக் கவலையாக இருந்தது. நான் எழுதித் திருத்திய விடைகள் ஐந்து கொப்பியில் இருக்கின்றன, சிவப்புப் பேனைத் திருத்தங்களோடு. தம்பி எந்தப் பிரிவு என்று சொல்லுங்கள், கெமிஸ்ரி இரண்டு பிரிவுக்கும் ஒன்றுதான், மற்றப் பாடம் ஏதும் தேவையா என்று அறியத்தான். கிளிநொச்சி அண்ணா எம்சிகியூ பழகிய தாள்களையும் தந்தால் ஒரே பொதியாகக் கட்டி முல்லைத்தீவு பஸ்ஸில் கொடுத்து விடுகிறேன். வெள்ளிக்கிழமை எனக்கு விரிவுரை இல்லை.

கிளிநொச்சி, மாத்ஸ், மூன்று தடவை

என்னிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. பொலித்தீனில் சுற்றித் தருகிறேன், மழை தொடங்க முன்னம் போய்ச் சேரட்டும்.