தாது வருஷப் பஞ்சப் படம்: எந்தப் பத்திரிகை?

1876-78 பஞ்சத்தைக் காட்டும் மரச்செதுக்கு அச்சுப் படம் ஒன்று பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. ஓரம் வெட்டப்பட்டிருப்பதால் பத்திரிகைப் பெயரும் தேதியும் இல்லை. அடுத்த மாதம் எங்கள் ஊர் நூலகத்தில் பஞ்சம் பற்றிய கண்காட்சி. லட்சக்கணக்கான பேர் செத்த பஞ்சம் அது. படத்தைத் தப்பான தேதியோடு மாட்ட மனமில்லை.

சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலைபோல் குவிந்திருக்கின்றன. கம்போடு காவலர். சிதறிய மணிகளைப் பொறுக்கும் பெண்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் நடுவில் மேலிருந்து கீழாக மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறது. அந்தக் காலத்தில் சிறு மரக்கட்டைகளைச் சேர்த்து முடுக்கித்தான் பெரிய படம் செதுக்குவார்கள். அந்த இணைப்பு இது. அதனால் அசல் அச்சு என்றே நம்புகிறேன். செதுக்கியவர் கையெழுத்து இல்லை.

இணையத்தில் படத்தைப் போட்டுத் தேடினேன், இதே படம் வரவில்லை. பின்பக்கம் அட்டையில் ஒட்டியிருக்கிறது; வெளிச்சத்தில் பிடித்தால் மூன்று பத்தி ஆங்கில எழுத்து மங்கலாகத் தெரிகிறது, வாசிக்க முடியவில்லை. 1877-ல் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்', 'தி கிராஃபிக்' என்ற லண்டன் வாரப் பத்திரிகைகள் இரண்டுமே பஞ்சப் படங்கள் வெளியிட்டன.

படத்தைச் சேதப்படுத்தாமல், இது இந்த இரண்டில் எதில் வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?