பக்ராமில் கூட இருந்த மொழிபெயர்ப்பாளருக்கு நான் கடிதம் கொடுத்தால் எடுபடுமா?

மேலூர் டிபன்:
வணக்கம். துபாய் ஏஜென்ட் மூலமாகப் போய் 2011 முதல் 2013 வரை ஆப்கானிஸ்தானில் அமெரிக்க ராணுவத்தின் பக்ராம் கேம்பில் மெஸ் வேலை பார்த்தேன். இப்போது மேலூரில் டிபன் கடை. அங்கே வேலைக்கு வரும் ஆப்கன் ஆட்களை கேட்டில் சோதிக்கும்போது அமெரிக்கர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவர் இருந்தார். இந்திப் படம் பார்த்தே இந்தி கற்றவர், எனக்கு இந்தி வந்ததே அவரால்தான். ரோந்துக்கும் கூட்டிப் போவார்கள். பெயர் இங்கே வேண்டாம்.

2021 ஆகஸ்ட் 15-இல் காபூல் தாலிபான் கையில் விழுந்ததும் குடும்பத்தோடு ஏர்போர்ட்டுக்குப் போய், அபே கேட் பக்கம் சாக்கடைக் கால்வாயில் முழங்கால் வரை இறங்கி, பேப்பர் கட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் நின்றாராம். சின்னவளுக்குக் காய்ச்சல் என்று 25ஆம் தேதி ராத்திரி திரும்பிவிட்டார். மறுநாள் அதே இடத்தில்தான் குண்டு வெடித்தது. இப்போது பாகிஸ்தானில் ஒரே அறையில் ஆறு பேர். 2023 கடைசியிலிருந்து அங்கே ஆப்கன்காரர்களைப் பிடித்துத் திருப்பி அனுப்புகிறார்கள், அதனால் பிள்ளைகள் தெருவுக்கே வருவதில்லை.

அமெரிக்கர்களுக்கு வேலை பார்த்த ஆப்கன்காரர்களுக்கு அமெரிக்கா வைத்த எஸ்.ஐ.வி. என்ற சிறப்பு விசாவுக்கு 2022-இலேயே மனுப் போட்டார். போன மாதம் தள்ளுபடி. மேலதிகாரி கடிதத்தைச் சரிபார்க்க முடியவில்லையாம். "பாய், நீ என்னைக் கண்ணால் பார்த்தவன், ஒரு லெட்டர் எழுது" என்று வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்பினார். எட்டாவது படித்த நான் எழுதினால் மதிப்பார்களா?

வைகைத் தண்ணீர்:
அண்ணே, உங்கள் கடிதம் மட்டும் போதாது. இரண்டு பேப்பர்தான் முக்கியம். சம்பளம் கொடுத்த கம்பெனி, இவர் இத்தனை நாள் வேலை பார்த்தார் என்று கொடுப்பது ஒன்று, மேலே இருந்த அமெரிக்கர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது இன்னொன்று. நான் டாலஸில் இருக்கிறேன், 2021 ஆகஸ்டில் இங்கே பழைய ராணுவக்காரர்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே போனில் வழி சொல்லி ஆட்களை கேட்டுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள், டிஜிட்டல் டன்கிர்க் என்று பத்திரிகையில் எழுதினார்களே, அதில் ஒரு குழுவுக்கு ராத்திரியில் எக்செல் வேலை பார்த்தேன். அமெரிக்க மீட்பு விமானம் ஆகஸ்ட் 30-ஓடு நின்றது. அப்புறம் இன்று வரை நடப்பது முழுக்க ஆள் தேடும் வேலைதான், ஏனென்றால் ஒப்பந்தக் கம்பெனி பாதி மூடிப்போயிற்று, அதிகாரி ரிட்டயர் ஆகி எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ, மொழிபெயர்ப்பாளருக்குத் தெரிந்ததெல்லாம் "கேப்டன் மைக்". ஒரு மைக்கை நாலு மாதம் தேடினோம், கிடைத்தவர் வேறு மைக்.

தள்ளுபடிக் கடிதத் தேதியிலிருந்து 120 நாளுக்குள் ஒரே ஒரு முறை மேல்முறையீடு செய்யலாம். அதனால் முதலில் அந்தத் தேதியைக் கேளுங்கள். உங்களிடம் அந்தக் காலத்துப் போட்டோ, சான்றிதழ், பேட்ஜ் ஏதாவது இருக்கிறதா? அதிகாரியின் முழுப்பெயரும் யூனிட்டும் தெரிந்தால் இப்படிப்பட்ட மொழிபெயர்ப்பாளர்களுக்கு உதவும் நோ ஒன் லெஃப்ட் பிஹைண்ட் மாதிரி அமைப்புகளுக்கு எழுதலாம். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரே எஸ்.ஐ.வி.யில் வந்த மொழிபெயர்ப்பாளர்தான். மனுவுக்குக் கட்டணம் கிடையாது, எவனாவது பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

கோரிப்பாளையம் 77:
நல்ல மனசுதான், ஆனால் ஆசை காட்டாதீர்கள். 2025 நவம்பரில் ஆப்கன் பாஸ்போர்ட்டுக்கு விசா கொடுப்பதையே அமெரிக்கா நிறுத்தி வைத்தது. நம்ம நாடு மட்டும் என்ன, 2021 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வெளியே இருந்த ஆப்கன்காரர்கள் கையில் வைத்திருந்த விசாவை எல்லாம் செல்லாது என்று சொல்லி, இ-விசாவுக்குப் புதிதாக மனுப் போடு என்றது. கூட நின்று உழைத்தவனை அம்போ என்று விட்டுவிட்டுப் போனவன், இப்போது லெட்டரில் சீல் சரியில்லை என்கிறான்!

ஆனையூர் முகாம்:
விசா நின்றது சரி, அதற்காகக் கேஸையும் சாகவிட வேண்டுமா? புது மனுவுக்கு 2025 டிசம்பர் 31-ஓடு கெடு முடிந்துவிட்டது, இந்த மேல்முறையீட்டை விட்டால் அவருக்கு வேறு வரிசையே கிடையாது. நாங்கள் 1990-இல் மன்னாரிலிருந்து படகில் வந்தபோது அம்மா நகையைக் கூட விட்டுவிட்டு, பிறப்புச் சான்றிதழ்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வயிற்றில் கட்டிக்கொண்டு வந்தார். எத்தனையோ வருடம் கழித்து என் தங்கைக்குக் கல்லூரி மனுவில் அதுதான் உதவியது. அண்ணே, பரணில் ஏறித் தேடுங்கள்.

மேலூர் டிபன்:
தேதி கேட்டேன், இன்னும் 83 நாள் இருக்கிறது. நேற்றுக் கடை சாத்திவிட்டுத் தகரப் பெட்டியை இறக்கினேன். ஊருக்கு வரும்போது மெஸ் ஆட்கள் எல்லோருக்கும் ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள், ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்ததை வெள்ளையடிக்கும்போது கழற்றி உள்ளே போட்டது. ஓரத்தைக் கரையான் தின்றிருக்கிறது, ஆனால் கீழே கையெழுத்து, முழுப்பெயர், மேஜர், யூனிட் நம்பர் எல்லாம் அப்படியே இருக்கிறது. அன்றைக்கு எடுத்த குரூப் போட்டோவில் அந்த மேஜருக்கு வலதுபக்கம் நிற்பது அவர்தான், நான் பின்னால் கரண்டியோடு.

போனில் எடுத்து அனுப்பினேன். "ஆமாம், என் லெட்டரில் கையெழுத்துப் போட்டது இவர்தான், நான் ஒற்றைப் பெயர்தான் எழுதியிருந்தேன்" என்று பதில் வந்தது. வைகைத் தம்பி, காலையில் டவுன்ஹால் ரோட்டில் நல்ல ஸ்கேன் எடுத்து உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன். கரையான் தின்ற ஓரத்தை வெட்டலாமா, அப்படியே விடவா?

வைகைத் தண்ணீர்:
வெட்டாதீர்கள் அண்ணே. பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் எடுங்கள்.