பிரான்சிஸ் எழுதாத பிரான்சிஸ் செபம்

தூத்துக்குடிக்காரன்:
எங்கள் பங்கில் தவக்காலத் தியானம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் "ஆண்டவரே, என்னை உமது அமைதியின் கருவியாக்கும்" செபத்தை எல்லாரையும் சொல்ல வைத்தார். அதுவரை சரி. அப்புறம், இதை இத்தாலியப் புனிதர் அசிசி பிரான்சிஸ் பெருஜியா சிறையில் சங்கிலியோடு உட்கார்ந்து தன் கைப்பட எழுதினார் என்று ஒரே போடாகப் போட்டார். முன்வரிசையில் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிரான்சிஸ் 1226இல் இறந்தார். இந்தச் செபம் முதன்முதலில் அச்சில் வந்தது 1912 டிசம்பரில், பாரிஸில், 'லா க்ளோஷெத்' என்ற சின்னப் பக்திப் பத்திரிகையில். பிரெஞ்சு மொழியில். பூசை நேரத்தில் சொல்ல ஓர் அழகிய செபம் என்று தலைப்பு. எழுதியவர் பெயர் இல்லை. பிரான்சிஸின் பெயர் அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை. அதற்கு முந்தைய ஒரு கையெழுத்துப்படிகூட யாருக்கும் கிடைக்கவில்லை. பீடத்தில் நின்று பேசுகிறவர் இதைத் தெரிந்துகொண்டு பேசக்கூடாதா?

மூன்றாம்சபை:
தம்பி, அந்தப் பிரசங்கியாரை அழைத்து வந்தது இல்லறத்தாருக்கான எங்கள் பிரான்சிஸ்கன் மூன்றாம் சபைதான் என்று தெரிந்தே எழுதுகிறீர்கள். பெயரை மாற்றிக்கொண்டால் ஆளைத் தெரியாதா? நாங்கள் சின்ன வயதிலிருந்து பள்ளி டைரியின் முதல் பக்கத்தில் "புனித பிரான்சிஸின் செபம்" என்று படித்து வளர்ந்தவர்கள். அச்சடித்தவர்கள் எல்லாரும் முட்டாள்களா?

தூத்துக்குடிக்காரன்:
டைரி அச்சடித்தவர் சிவகாசிக்காரர். அவருக்கும் அசிசிக்கும் என்ன சம்பந்தம்? நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. 1912க்கு முன் ஒரு ஆதாரம். ஒரே ஒரு படி.

டயோசீஸ்_பெஞ்ச்:
கத்தோலிக்கர் இரண்டு பேருக்கும் புராட்டஸ்டன்டான என்னுடைய ஒரு கேள்வி. பிரான்சிஸ் எழுதினால் என்ன, பிரெஞ்சுக்காரர் எழுதினால் என்ன, இது வேதத்தில் இல்லாத ஜெபம்தானே. கர்த்தர் ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தது மத்தேயு 6இல் இருக்கிறது. இந்த ஜெபத்தில் இயேசுவின் நாமம் ஒரு இடத்திலும் கிடையாது. "என்னை, என்னை" என்றே போகிறது.

மூன்றாம்சபை:
வந்துவிட்டார். ஐயா, நீங்கள் கற்றுக்கொடுத்த ஜெபத்தை மட்டுமா சொல்கிறீர்கள்? உங்கள் ஞானப்பாட்டுப் புத்தகம் முழுதும் வேதத்தில் இருக்கிறதா? லூர்து தண்ணீர் விவாதத்தில் பாதியில் காணாமல் போனவர் நீங்கள்தானே?

டயோசீஸ்_பெஞ்ச்:
ஓடவில்லை, என் மகளுக்கு அப்போது நிச்சயதார்த்தம். அந்த விவாதத்தில் நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

தூத்துக்குடிக்காரன்:
பெஞ்ச் சொன்னதில் பாதி எனக்கு உதவும். பிரான்சிஸ் எழுதியது உறுதி என்று அறிஞர்கள் ஏற்றவற்றைப் படித்துப் பாருங்கள். தன் தோழர் சகோதரர் லியோவுக்கு எழுதிக்கொடுத்த கடவுள் புகழ்ச்சி, சூரியப் பாடல் இதெல்லாம் "நீர் உன்னதர், நீர் நல்லவர்" என்று கடவுளைப் பார்த்தே பேசும். தன்னைப் பற்றிய விண்ணப்பம் குறைவு. இந்தச் செபம் முழுக்க "நான்". நடையே வேறு. கயேத்தான் எஸ்ஸர் 1976இல் பிரான்சிஸின் எழுத்துகளுக்குப் போட்ட ஆய்வுப் பதிப்பில் இது கிடையாது. அவரும் பிரான்சிஸ்கன் துறவிதான், பெஞ்ச் அல்ல.

இன்னொன்று. பெருஜியா சிறை என்றாரே அந்தப் பிரசங்கியார், அது அசிசிக்கும் பெருஜியாவுக்கும் நடந்த 1202 கொல்லெஸ்திராதா சண்டைக்கு அப்புறம். அப்போது பிரான்சிஸ் துணி வியாபாரியின் மகன், வீரப்பட்டம் வாங்கும் கனவில் குதிரையேறிப் போய் மாட்டிக்கொண்டவர். மனமாற்றமே பிறகுதான். "பகை உள்ள இடத்தில் அன்பை விதைக்கட்டும்" என்று அந்தச் சமயத்தில் அவர் எழுதினார் என்றால், போர்க்களத்திலிருந்து நேராக ஞானமா?

மூன்றாம்சபை:
சிறை விஷயத்தை விடுங்கள். பிறகு எழுதியிருக்கலாம். 1219இல் சிலுவைப்போர் நடந்துகொண்டிருந்தபோதே எகிப்தின் தமியெத்தாவில் சுல்தான் அல்-கமீலை ஆயுதமில்லாமல் போய்ப் பார்த்தவர் அவர். அப்படிப்பட்ட மனிதர் இந்தச் செபத்தைச் சொல்லாமல் வேறு யார் சொல்லியிருப்பார்? உங்கள் பிரெஞ்சுக்காரர் பெயரையாவது சொல்லுங்கள் பார்ப்போம். பெயர் இல்லை அல்லவா? பெயர் தெரியாதவர் என்றால் அவர் பிரான்சிஸாக ஏன் இருக்கக்கூடாது?

தூத்துக்குடிக்காரன்:
இதைவிட நல்ல வாதம் நான் கேட்டதே இல்லை. எங்கள் தெருவில் காணாமல் போன சைக்கிளை எடுத்தவர் யார் என்றும் தெரியவில்லை. அவரும் பிரான்சிஸாக இருக்கலாம்.

பத்திரிகையை நடத்தியவர் புக்கரெல் என்ற குருவானவர். அவரே எழுதியிருக்கலாம் என்று ஊகிக்கிறவர்கள் உண்டு, உறுதியில்லை. 1915இல் ஒரு பிரெஞ்சுப் பிரபு இதைப் பாப்பரசர் பதினைந்தாம் பெனடிக்டுக்கு அனுப்பினார். 1916 ஜனவரியில் வத்திக்கான் நாளிதழ் வெளியிட்டது. முதல் உலகப்போர் நடக்கிறது, சமாதானத்துக்கு ஒரு செபம் வேண்டியிருந்தது, பிடித்துக்கொண்டார்கள். 1918 வாக்கில் பிரான்சிஸ்கன் கிளையான கப்புச்சின் சபைச் சாமியார் ஒருவர் பிரான்சிஸ் படம் போட்ட சுரூபப் படத்தின் பின்பக்கம் இதை அச்சிட்டார். அங்கேயும் எழுதியவர் பெயர் போடவில்லை. ஆனால் முன்பக்கம் படம், பின்பக்கம் செபம். மக்கள் இரண்டையும் சேர்த்துவிட்டார்கள். 1927இல் பிரான்ஸில் ஒரு புராட்டஸ்டன்ட் சமாதான இயக்கம் பிரான்சிஸின் பெயரையே போட்டுவிட்டது. இவ்வளவுதான் கதை.

டயோசீஸ்_பெஞ்ச்:
எங்கள் ஆட்கள் மேல் ஏன் போடுகிறீர்கள்? சுரூபப் படம் உங்கள் வியாபாரம்.

கேள்விக்கணை:
வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன், தாங்கவில்லை. யார் எழுதினார் என்று மண்டையை உடைத்துக்கொள்கிறீர்கள், "என்னைக் கருவியாக்கு" என்று கேட்பதே ஆபத்து என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இதே 1916இல் ஜெர்மன் சிப்பாயின் இடுப்பு வாரில் "கடவுள் நம்மோடு" என்று பொறித்திருந்தது. சிலுவைப்போருக்குப் போனவர்களும் கடவுளின் கருவிகள்தான். 1979 மே மாதம் மார்கரெட் தாட்சர் பிரிட்டன் பிரதமராகப் பதவியேற்ற அன்று வாசலில் நின்று இந்தச் செபத்தைத்தான் சொன்னார், பிளவு உள்ள இடத்தில் இணக்கம் என்று. ஐந்து வருடம் கழித்து வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களிடம் கேட்டால் இணக்கம் எப்படி இருந்தது என்று சொல்வார்கள்.

மூன்றாம்சபை:
உமக்கு இங்கே என்ன வேலை? கடவுள் இல்லை என்பவருக்குக் கருவி எதற்கு?

தூத்துக்குடிக்காரன்:
கேள்விக்கணை, தாட்சரும் பிரான்சிஸ் எழுதியது என்றுதான் சொன்னார். அதுவும் தப்பு. உம்முடைய எடுத்துக்காட்டு என் பக்கம் சேர்கிறது, நன்றி. மற்றபடி தலைப்பைத் திருப்பாதீர்.

கேள்விக்கணை:
நான் யார் பக்கமும் இல்லை!

கோவை வாசகி:
தாட்சரைச் சொன்னவர்கள் அதே 1979இல் அன்னை தெரசாவை ஏன் விட்டுவிட்டீர்கள்? நோபல் பரிசு வாங்க ஆஸ்லோ போனவர் அரங்கில் இருந்த எல்லாரையும் இந்தச் செபத்தைச் சொல்ல வைத்தார். இது பிரான்சிஸ் எழுதியது என்று அவரே அந்த உரையில் சொன்னார். தெருவில் கிடந்தவர்களைத் தூக்கிச் சுமந்த கை அது. நீங்கள் கணினி முன் உட்கார்ந்து அவரைவிட அதிகம் தெரிந்தவரா?

தூத்துக்குடிக்காரன்:
அக்கா, அந்த உரையை முழுதாகப் படியுங்கள். நானூறு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் பிரான்சிஸ் இயற்றினார் என்று சொல்கிறார். 1979இலிருந்து ஐந்நூறைக் கழித்தால் 1479. பிரான்சிஸ் இறந்து அதற்குள் இரண்டரை நூற்றாண்டு. தொண்டு வேறு, தேதி வேறு. தொழுநோயாளியைக் கழுவியவர் என்பதால் கழித்தல் கணக்கும் சரியாகிவிடாது.

கோவை வாசகி:
ஒரு புனிதையின் கழித்தல் கணக்கைத் திருத்துகிறீர்கள். வெட்கமாக இல்லையா? நான் உங்களுக்கு அக்காவும் இல்லை.

மூன்றாம்சபை:
அப்படிக் கேளம்மா. பங்கிலும் இவருக்கு இதே வேலைதான். அருட்தந்தை வாசித்த அறிக்கையில் எழுத்துப் பிழை கண்டுபிடித்துக் கடிதம் கொடுத்தவர்.

தூத்துக்குடிக்காரன்:
கொடுத்தேன். பிழை இருந்தது. திருத்தினார்கள்.

கைலாயன்:
கிறிஸ்தவ நண்பர்கள் மன்னிக்க. ஏழாம் நூற்றாண்டிலேயே எங்கள் அப்பர் "என் கடன் பணி செய்து கிடப்பதே" என்று முடித்துவிட்டார். என்னைக் கருவியாக்கு, கிருவியாக்கு என்று மனுப் போடவில்லை. உழவாரத்தைக் கையில் எடுத்துக் கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கினார். யார் எழுதியது என்ற சண்டையும் இல்லை. ஐந்தாம் திருமுறை, கடம்பூர்க் கரக்கோயில், பதிகத்தோடு இருக்கிறது.

தூத்துக்குடிக்காரன்:
அந்த அடிக்கு முந்தின அடியையும் சொல்லுங்கள். அடியேனைத் தாங்குவது அவன் கடன் என்கிறாரே. பாதியை வெட்டி மேடையில் பேசுவது எங்கள் பிரசங்கியாரின் பழக்கம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

கைலாயன்:
தேவாரத்தை எனக்குச் சொல்லித் தருகிறீர்களா? அது சரணாகதி. உங்களுக்குப் புரியாது.

கேள்விக்கணை:
அதாவது நீ என்னைத் தாங்கு, நான் புல் செதுக்குகிறேன். கொடுக்கல் வாங்கல். கொடுக்கும்போதே பெறுகிறோம் என்று அந்தப் பிரெஞ்சுக்காரர் எழுதியதும் இதுதான். இரண்டு மதமும் ஒரே கணக்குப் பிள்ளையிடம் வேலை பார்த்திருக்கின்றன.

கைலாயன்:
பெரியார் மேடையில் கைதட்டல் கிடைக்கும், இங்கே கிடைக்காது.

பதினோராம்படி:
நான் அதிகம் எழுதுகிறவன் இல்லை. குடியை விட்டவர்களுக்கான கூட்டத்தில் இருக்கிறேன். குடியிலிருந்து மீள நாங்கள் பின்பற்றும் பன்னிரண்டு படிகளில் பதினோராவது படி பற்றி 1953இல் வந்த எங்கள் புத்தகத்தில் இந்தச் செபம் இருக்கிறது. கூட்டத்தில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், ஒன்றையும் நம்பாதவர் எல்லாரும் சேர்ந்து சொல்வோம். குடித்த காலத்தில் வீட்டில் என்னைப் புரிந்துகொள்ளவில்லை என்றுதான் கத்துவேன். புரிந்துகொள்ளப்படுவதைவிடப் புரிந்துகொள்ளத் தேடட்டும் என்கிற இடம் வரும்போது இன்னமும் என் மனைவி முகம் ஞாபகம் வரும். யார் எழுதினார் என்று நாங்கள் பேசியதே கிடையாது.

கோவை வாசகி:
நன்றி ஐயா. இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

தூத்துக்குடிக்காரன்:
பதினோராம்படி, உங்கள் மீது மரியாதை உண்டு. ஆனால் அந்தப் புத்தகமும் பெயர் சொல்லாமல், பல நூறு ஆண்டுகளாகப் புனிதராக மதிக்கப்படுகிற ஒருவர் எழுதியது என்றுதான் சொல்கிறது. அதாவது 1953இல் அமெரிக்கா வரை பிழை போய்விட்டது. அதனால்தான் சொல்கிறேன், தொடக்கத்திலேயே பிடிக்க வேண்டும். 1912.

பதினோராம்படி:
சரிங்க.

டயோசீஸ்_பெஞ்ச்:
ஒரு சாட்சி சொன்னவரிடமும் தேதியைக் கொண்டு போய் நீட்டுகிறாரே. சமாதானத்தின் கருவி மாதிரி தெரியவில்லை, கணக்குத் தணிக்கை அதிகாரி மாதிரி இருக்கிறது.

தூத்துக்குடிக்காரன்:
நான் கருவியாக்கும் என்று கேட்கவே இல்லையே. உண்மையைச் சொல்லும் என்றுதான் கேட்டேன். செபம் நல்ல செபம், நானும் சொல்கிறேன். தலைப்பில் பிரான்சிஸ் என்று போடாதீர்கள், அவ்வளவுதான். மூன்றாம்சபை ஐயா, 1912க்கு முன் ஒரு படி?

மூன்றாம்சபை:
1912க்கு முன் யாரும் இதைச் சொல்லவில்லை என்பதற்கு உங்களிடம் ஆதாரம் இருக்கிறதா? எழுநூறு ஆண்டு சகோதரர்கள் வாயால் சொல்லி வந்திருக்கலாம். வாய்மொழிக்குப் படி எங்கே கிடைக்கும்?

தூத்துக்குடிக்காரன்:
எழுநூறு ஆண்டு வாயில் வைத்திருந்து ஒருவர்கூட எழுதி வைக்கவில்லை. பறவைகளுக்குப் பிரசங்கம் செய்ததை எழுதினார்கள், ஓநாயோடு பேசியதை எழுதினார்கள், இதை மட்டும் மறந்துவிட்டார்கள். நம்புகிறேன். ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து கெபிப் பக்கம் வாருங்கள், 1912 பக்கத்தின் நகலைக் கையிலேயே தருகிறேன்.

மூன்றாம்சபை:
நான் முதல் பூசைக்காரன். இரண்டாம் பூசையில் உங்கள் பாடகர் குழு பாடுவதைக் கேட்கிற பொறுமையைப் பிரான்சிஸ் எனக்கு இன்னும் வாங்கித் தரவில்லை.

தூத்துக்குடிக்காரன்:
குழுவைப் பற்றி நீங்கள் பேச வேண்டாம். கிறிஸ்துமஸ் ஒத்திகைக்குக் கீபோர்டு அலமாரியைப் பூட்டிச் சாவியை வீட்டுக்கு எடுத்துப்போனது யார் என்று பங்கு முழுக்கத் தெரியும்.

மூன்றாம்சபை:
சாவி மூன்றாம் சபையின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது பங்குப் பேரவைத் தீர்மானம். தேதி வேண்டுமா? தருகிறேன்.

கோவை வாசகி:
கொடுங்கள் ஐயா, அதையாவது அவர் நம்புகிறாரா பார்ப்போம்.

தூத்துக்குடிக்காரன்:
தீர்மானத்தின் படி வேண்டும். கையொப்பத்தோடு.