‘ரன்’ சொல்லை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

வணக்கம். மலேசியாவின் பட்டர்வொர்த்தில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். ‘ரன்’ என்றால் ஓடுவது என்று மட்டும்தான் அவர்களுக்குத் தெரிகிறது. ‘ஷி ரன்ஸ் எ ஷாப்’ என்றால் கடை நடத்துகிறார். மூக்கு ‘ரன்ஸ்’ என்றால் ஒழுகுகிறது. ‘வி ரேன் அவுட் ஆஃப் ரைஸ்’ வந்தால் அங்கேயும் ஓட்டம்தான் எழுதுகிறார்கள். தீர்ந்துபோவது என்ற பொருள் ‘அவுட் ஆஃப்’ சேரும்போதுதான் வருகிறது. ‘செட்’ இன்னும் கடினம்: 1989 ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் மிக நீண்ட பதிவே அதுதான்.

பொருள்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தமிழிலும் மெஷின் ஓடுகிறது, படம் ஓடுகிறது என்கிறோமே, அங்கிருந்து தொடங்கலாமா? ஆண்டு 5, 6 பிள்ளைகளுக்கு ஏற்ற பயிற்சித்தாளோ அட்டை விளையாட்டோ ஆசிரியர்களிடம் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். அப்புறம், ‘கெட்’ சொல்லுக்கும் இருந்தால் பெரிய உதவி.