கலைச்சொல்: தாங் அரசின் 'ஜியேதுஷி' – படையாளுநரா, தண்டநாயகரா?

கயல் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். இளங்கலை வரலாற்றுப் பாடநூலில் சீனத்தின் தாங் அரசமரபு (618–907) பற்றிய இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எல்லாம் முடிந்து ஒரே சொல்லில் நிற்கிறது: 'ஜியேதுஷி', ஒரு மண்டலத்தின் படையையும் ஆட்சியையும் கையில் வைத்திருந்த அதிகாரியின் பட்டம். பக்கத்துக்குப் பக்கம் வருவதால் ஒலிபெயர்ப்பாகவே விட மனமில்லை.

பிரித்துப் பார்த்தால், 'ஜியே' மூங்கில் கணு; அதிலிருந்து, அரசன் தன் அதிகாரத்துக்கு அடையாளமாகக் கொடுத்தனுப்பும் கோல். 'து' அளவு, ஒழுங்கு. 'ஷி' அரசன் ஏவிய ஆள். பழைய பதிப்பில் வெறும் 'ஆளுநர்' என்றிருக்கிறது. ஆனால் தாங் ஆட்சியில் ஒவ்வொரு 'ஜோ'வுக்கும் (மாவட்டம் போன்ற ஆட்சிப்பிரிவு) தனியாக ஓர் ஆட்சித்தலைவர் உண்டு. அவரையும் அதே இயல் ஆளுநர் என்றே சொல்கிறது. 'எல்லைப் படையாளுநர்' சரிவருமா? நாளை மாலைக்குள் சொன்னால் நல்லது.

கரிசல் எழுதியது:

கயல், 'எல்லை'யை வெட்டிவிடுங்கள். 755க்கு முன்புதான் அது பொருந்தும். 742ஆம் ஆண்டுக் கணக்கில் எல்லைப் படைமண்டலங்கள் பத்து. ஒன்பதுக்கு ஜியேதுஷி, தெற்கே லிங்நானுக்கு மட்டும் வேறு பட்டம். மொத்தம் ஏறத்தாழ 4,90,000 வீரர், 80,000 குதிரை. எல்லைத் தளபதி ஆன் லுஷானின் கலகம் (755–763) வெடித்த பிறகு இதே பதவியை உள்நாட்டிலும் அள்ளிக் கொடுத்தார்கள். கலகத்தை அடக்கியவனுக்கும் கொடுத்தார்கள், சரணடைந்த கலகத் தளபதிக்கும் கொடுத்தார்கள். 907இல் தாங் அரசை முடித்துவைத்த ஜு வென் வைத்திருந்தது பியென்ஜோவை, அதாவது இன்றைய கைஃபெங்கை. மஞ்சள் ஆற்றுச் சமவெளியின் நடுவே எந்த எல்லை இருக்கிறது?

பனையோலை எழுதியது:

'ஆளுநர்' என்றதும் தமிழ்நாட்டு மாணவர் மனத்தில் வருவது கிண்டி மாளிகை. படையும் கிடையாது, வரியும் கிடையாது. மூலச்சொல்லிலேயே கோல் இருக்கும்போது நாம் ஏன் அதைக் கைவிட வேண்டும்? கோல் + தலைவர் = கோற்றலைவர். 'கல் + தூண் = கற்றூண்' போல. தூய தமிழ், மூலத்துக்கும் நெருக்கம்.

வன்னி எழுதியது:

பனையோலை ஐயா, கோபிக்க வேண்டாம். 'கோற்றலைவர்' என்பதைப் பிள்ளைகள் 'கொற்றத் தலைவர்' என்றுதான் வாசிக்கும். கொற்றம் அரசனுடையது, ஜியேதுஷி அரசனல்ல என்பதுதானே கதையே. எங்கட பக்கம் வன்னிமை என்றொரு சொல் இருக்கு, மேலரசுக்குத் திறை கட்டிக்கொண்டு ஓரளவு சுதந்திரமாக ஆண்டவர்கள். யோசிக்கலாம்.

நெய்தல் எழுதியது:

அப்படியானால் 'பாளையக்காரர்' என்றே போட்டுவிடலாமே. படை உண்டு, வரி வசூல் உண்டு, மேலிடத்துக்குப் பங்கு கட்டாமல் இழுத்தடிப்பதும் உண்டு. விளக்கமே தேவைப்படாது.

கரிசல் எழுதியது:

வன்னிமை, பாளையக்காரர் இரண்டிலும் ஒரே சிக்கல். பாளையம் பரம்பரைச் சொத்து. ஜியேதுஷி தொடக்கத்தில் மாற்றலுக்கு உட்பட்ட அரசு அதிகாரி. ஒருவர் ஓரிடத்தில் நெடுநாள் இருக்கக்கூடாது, இரண்டு மண்டலங்களைச் சேர்த்து வைத்திருக்கக்கூடாது என்பதுதான் பழைய வழக்கம். பேரரசர் சுவான்சோங் (ஆட்சி 712–756) காலத்தில் அது தளர்ந்தது. ஆன் லுஷானுக்கு 742இல் பிங்லு, 744இல் ஃபான்யாங், 751இல் ஹெதோங் என மூன்று மண்டலங்கள். ஃபான்யாங் 91,400, ஹெதோங் 55,000, பிங்லு 37,500. கூட்டினால் 1,83,900 வீரர். எல்லைப் படையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஒரே ஆளின் கையில். தலைநகர் சாங்கானைச் சுற்றி அதற்கு ஈடுகொடுக்கும் படை இல்லை. பழைய ஃபூபிங் குடிப்படை முறை அதற்குள் செத்துவிட்டது. ஆளுக்கு நிலம் பிரித்துக் கொடுக்கும் முறை சரிந்ததும், அந்த நிலத்தை நம்பிச் சொந்தச் செலவில் முறைக்காவலுக்கு வந்த குடியானவனும் வரவில்லை. அவன் இடத்தில் கூலிப்படை வந்தது. கூலிப்படை சம்பளம் கொடுப்பவன் பக்கம்தான் நிற்கும்.

'பாளையக்காரர்' என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டால், அதிகாரி எப்படிச் சிற்றரசன் ஆனான் என்ற கேள்வியே எழாது. இயலின் உயிரே அந்தக் கேள்விதான்.

பனையோலை எழுதியது:

சரி, கோற்றலைவரை விட்டுவிடுகிறேன். அதைவிட நல்லது கையில் இருக்கிறது: தண்டநாயகர். தண்டு என்றால் கோல். தண்டு என்றால் படையும்தான். தண்டல் என்றால் வரி பிரித்தல். தண்டம் என்றால் ஒறுத்தல். ஜியேதுஷி செய்த நான்கு வேலையும் ஒரே வேரில் அடங்குகின்றன. கல்வெட்டு வழக்கும் உண்டு. 'தண்டம் வடசொல்' என்று யாரும் கிளம்ப வேண்டாம். தண்டு, தண்டை, தண்டட்டி எல்லாவற்றையும் அடுக்கிப் பாருங்கள். உருண்டு திரண்ட எதற்கும் தமிழில் இந்த அடி உண்டு. வடமொழிதான் நம்மிடம் கடன் வாங்கியது என்பது என் எண்ணம்.

காலமும் பொருந்துகிறது. இந்தப் பதவி எல்லையெங்கும் பரவிக்கொண்டிருந்த காலத்தில்தான், 720இல், காஞ்சி இராசசிம்மப் பல்லவன் சுவான்சோங்குக்குத் தூது விட்டான். அரபியரையும் திபெத்தியரையும் தாக்க யானையும் குதிரையும் தருகிறேன், என் படைக்கு ஒரு பெயர் சூட்டுங்கள் என்று கேட்டான். 'ஹுவாய்தே' படை என்று பெயர் வந்தது, அறத்தைப் போற்றும் படை. நம் தண்டநாயகர்களுக்குச் சீனம் பெயர் தந்திருக்க, சீனத்தாருக்கு நாம் தரக்கூடாதா?

நெய்தல் எழுதியது:

தூது விட்டது உண்மை. யானை அங்கே போய்ச் சேரவில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள் ஐயா. அப்புறம் 'தண்டல்' என்றால் சென்னையில் நாள்வட்டிக்காரர், 'தண்டம்' என்றால் வெட்டி. தண்டநாயகர் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு வகுப்பை அடக்க முடியுமா?

வன்னி எழுதியது:

இன்னொரு குறை: தண்டநாயகர் படைத்தலைவர் மட்டும்தானே. நெய்தல் சொன்ன வரி வசூல் அந்தச் சொல்லில் தெரியாது. வேர் ஆராய்ச்சி செய்தவருக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது.

கரிசல் எழுதியது:

வன்னி சரியான இடத்தில் கைவைத்தார். பணம்தான் இந்தப் பதவியின் எலும்பு. 780இல் அமைச்சர் யாங் யான் இருமுறை வரியைக் கொண்டுவந்தார், கோடையில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று. அதற்கு முன் தலைக்கு இவ்வளவு தானியம், இவ்வளவு துணி, ஆண்டுக்கு இருபது நாள் ஊழியம் என்று எல்லோருக்கும் ஒரே அளவு. இனிமேல் சொத்துக்குத் தக்கபடி. வசூலாகும் வரி மூன்று பங்காகப் பிரியும்: ஒன்று தலைநகருக்கு, ஒன்று படைமண்டலத்துக்கு, ஒன்று ஜோவுக்கே. வடகிழக்கே ஹெபெய் மண்டலங்கள் முதல் பங்கை அனுப்பவே இல்லை. கணக்கேட்டையும் காட்டவில்லை. 755இல் அரசின் மக்கள்தொகைப் பதிவில் 5 கோடியே 29 லட்சம் பேர். 760இல் 1 கோடியே 70 லட்சத்துக்கும் கீழே. அத்தனை பேரும் செத்துவிட்டார்கள் என்று எழுதுகிறவர்கள் இன்னும் உண்டு. செத்தவர் ஏராளம்தான், ஆனால் பெரும்பகுதி பதிவேடு அரசின் கையை விட்டுப் போனதன் விளைவு. கயல், உங்கள் இயலில் மக்கள்தொகை பற்றிய வாக்கியத்தைக் கட்டாயம் ஒருமுறை பாருங்கள்.

நிலவரி கைநழுவியதும் அரசு உப்பைப் பிடித்தது. 758இல் உப்பு அரசு உடைமை. பத்துக் காசுக்கு விற்ற ஓர் அளவு உப்பு 110 காசானது. விலை ஏற ஏறக் கள்ள உப்பு பெருகியது. 875இல் கலகத்தில் குதித்த ஹுவாங் சாவ் கள்ள உப்பு வணிகத்தில் வந்தவன்தான். அவனிடமிருந்து 882இல் கட்சி மாறி வந்தவன் ஜு வென். அரசு அவனுக்குச் சூட்டிய பெயர் 'சுவான்ஜோங்', முழு விசுவாசி! இருபத்தைந்தாண்டில் அரசையே விழுங்கினான்.

ஆகவே படையும் ஆட்சியும் சேர்ந்து தெரியும் 'படையாளுநர்' போதும். அழகில்லை, ஆனால் பொய் சொல்லாது.

நெய்தல் எழுதியது:

படையாளுநருக்கு என் வாக்கு. 'ஃபான்ஜென்' என்ற படைமண்டலத்துக்கு என்ன செய்கிறீர்கள்? 'ஃபான்' என்றால் வேலி என்கிறார்கள்.

பனையோலை எழுதியது:

வேலிமண்டலம்! பயிரை மேய்ந்த வேலி என்று தமிழனுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

கரிசல் எழுதியது:

தஞ்சைப் பக்கத்தில் வேலி நில அளவு. ஹெபெயின் வெய்போ மண்டலத்தை 'வெய்போ வேலி' என்றால் எத்தனை மா என்று கேட்பார்கள். படைமண்டலம் என்றே விடுங்கள்.

கயல் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேரமாகிவிட்டது. முதல் இடத்தில் 'ஜியேதுஷி எனும் படையாளுநர்', பிறகு படையாளுநர் மட்டும். ஃபான்ஜென் படைமண்டலம். மக்கள்தொகை பற்றிய வாக்கியத்தைத் திருத்திவிட்டேன். 'தண்டநாயகர்' அருஞ்சொல் பட்டியலில் ஒப்பீடாக வரும்.

பனையோலை எழுதியது:

ஒப்பீடாகவா? என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். 'படை + ஆளுநர்' படையை ஆள்பவர் என்றுதான் விரியும். வெய்போவில் நடந்தது தலைகீழ். அதன் ஜியேதுஷி தியான் செங்சி பொறுக்கியெடுத்த பத்தாயிரம் பேர் மெய்க்காவல் படை, அவன் காலத்துக்குப் பின் தலைவனை ஏற்றியதும் இறக்கியதும் கொன்றதும் அதே படைதான். படை ஆண்ட ஆளுநர் என்றும் விரிக்கலாம் என்பீர்கள். இலக்கணம் அவ்வளவு இளக்காரமா?

வன்னி எழுதியது:

ஒரு சின்னச் சந்தேகம். ஜியேதுஷியான தகப்பன் செத்ததும் மகனோ துணைத்தளபதியோ 'லியூஹோ' என்று தானே பட்டம் வைத்துக்கொண்டு, அரசாணைக்குக் காத்திருப்பானே. 781இல் செங்தே மண்டலத்தில் பேரரசர் தேசோங் அந்த ஆணையைத் தர மறுத்துத்தான் போர் மூண்டது. அதற்கு என்ன போட்டீர்கள்?

கயல் எழுதியது:

'பொறுப்புப் படையாளுநர்'.

பனையோலை எழுதியது:

பொறுப்பு என்பது மேலிடம் கொடுப்பது. அவன் தானாக எடுத்துக்கொண்டவன். 'லியூ' தங்கவைத்த, 'ஹோ' பின், ஆகவே 'பின்னிருப்பர்'. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது அல்லவா?