மழைக்காலத்தில் சட்டிக் கலப்பைக்கு என்ன பூசுவது?

வேதாரண்யம் உழவன்:
சம்பா உழவு முடிந்து, டிராக்டரில் மாட்டும் சட்டிக் கலப்பையை (வட்டமான இரும்புச் சட்டிகள் சுழன்று உழுவது) கழற்றிவிட்டேன். இனி தை அறுவடை வரை கொட்டகையில்தான் கிடக்கும். உப்புக் காற்று அடிக்கிற ஊர். உழுது பளபளப்பான சட்டியில் ஓரிரு நாளில் செந்துரு ஏறிவிடுகிறது. பழைய என்ஜின் ஆயில் தடவினால் போதுமா?

மன்னார்குடி பட்டறைக்காரர்:
தம்பி, கழிவு ஆயில் வேண்டாம். அதில் அமிலமும் கரியும் சேர்ந்திருக்கும்; வழிந்தும் போய்விடும். முதலில் மண்ணை ஒட்டச் சுரண்டுங்கள். காய்ந்ததுபோலத் தெரியும் களிமண் உள்ளே ஈரத்தையும் உரத்தின் உப்பையும் பிடித்துவைத்திருக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் உலர்த்தி, கம்பி பிரஷால் தேய்த்து, கிரீஸைக் கையால் கெட்டியாகப் பூசுங்கள். பின்புறத்தையும் விளிம்பையும் விட்டுவிடாதீர்கள். துரு அரித்துக் குழி விழுந்தால் மண் வழுக்காமல் அப்பிக்கொள்ளும். டிராக்டர் திணறும், டீசல் வீணாகும். நல்ல இரும்பு இப்படிப் பாழாவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

வேதாரண்யம் உழவன்:
நன்றி ஐயா. தார்ப்பாயால் இறுக்கி மூடலாமா?

மன்னார்குடி பட்டறைக்காரர்:
கூடாது. உள்ளே வியர்த்துத் தண்ணீர் கோக்கும். மேலே மட்டும் போர்த்தி, கீழே காற்றோட விடுங்கள். கலப்பையை மண்தரையில் வைக்காமல் கட்டை மேல் ஏற்றுங்கள். யூரியா மூட்டை அருகில் இருந்தால் உடனே அப்புறப்படுத்துங்கள்.

திருவாரூர் விவசாயி:
பேரிங்கையும் கவனியுங்கள் அண்ணா. பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை புதியதை அடித்தால், உள்ளே புகுந்த சேற்றுத் தண்ணீரும் வெளியேறிவிடும்.