மறு: ‘கேப்பபிள்’ – வினையோடு சேர்ந்த ‘வல்ல’

அன்புள்ள நண்பர்களே,

‘கேப்பபிள்’ (capable) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன எழுதலாம் என்ற நம் கேள்விக்கு, ‘5ஜி கேப்பபிள்’ என்பதை ‘5ஜி திறன் கொண்ட’ என்று எழுதினால் போதும் என்று பலரும் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘திறன்’ ஏற்கெனவே பல வேலை பார்க்கிறது. நம் பள்ளி இயற்பியலில் திறன் வாட்டில் அளப்பது, ஆற்றல் ஜூலில் அளப்பது. செயல்திறன் வேறு, திறன் மேம்பாட்டுப் பயிற்சி வேறு. சார்ஜர் கையேட்டில் ‘திறன்’ என்று இருந்தால் படிப்பவர் 65 வாட்டைத்தான் நினைப்பார். அப்படி நினைப்பதுதான் சரி.

முதலில் அந்த ஆங்கிலச் சொல் என்ன சொல்கிறது? வேலைக்கு வேண்டியது உள்ளுக்குள் இருக்கிறது, அவ்வளவுதான். இப்போது அந்த வேலை நடக்கிறதா என்பது வேறு. 2022 அக்டோபரில் சென்னைக்கு 5ஜி வந்தபோது ஐபோன் 12 வைத்திருந்தவர்களின் கையில் அதற்கான வன்பொருள் இருந்தது. டிசம்பரில் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 16.2 பொதுவில் வெளியான பிறகுதான் அவர்கள் எல்லோருக்கும் 5ஜி கிடைத்தது. அதுவரை அந்த போன் கேப்பபிள், ஆனால் எனேபிள்டு இல்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் வாங்குபவர்தான் ஏமாறுவார். எனேபிள்டுக்கு ‘இயக்கப்பட்ட’ இருக்கட்டும்.

அதேபோல ‘ரீசார்ஜபிள்’ என்பதன் ஈற்றில் வரும் ‘-ஏபிள்’ (-able) என்பதையும் இதோடு குழப்பக் கூடாது. மின்னேற்றத்தக்க பேட்டரி தானாக எதையும் செய்வதில்லை. அதற்கு நாம் மின்னேற்றலாம். அங்கே ‘தக்க’ சரியாகவே உட்கார்ந்திருக்கிறது. கேப்பபிளோ, வேலையைச் செய்கிறவர் பக்கத்துச் சொல்.

மனிதர்களுக்கு இதைச் சொல்லும்போது நிறம் கொஞ்சம் மாறுகிறது. ‘கேப்பபிள் ஆபீசர்’ என்றால் மேதை என்று அர்த்தமில்லை. பொறுப்பைக் கொடுத்தால் சொதப்பாமல் முடிப்பார் என்ற நிதானமான பாராட்டு. ‘திறமைசாலி’ அதற்கு ஒரு படி அதிகம். கெட்ட காரியத்துக்கும் இதே சொல் வரும். கொலைக்கும் கேப்பபிள் என்றால், நாம் ‘அவன் செய்தாலும் செய்வான்’ என்போம். அங்கே கலைச்சொல் தேவையே இல்லை, பேச்சு வழக்கே போதும். நமக்கு வேண்டியது கருவிகளுக்கான சொல்.

என் பரிந்துரை ‘வல்ல’. ‘எல்லாம் வல்ல இறைவன்’ என்று தினமும் சொல்கிறோம். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பதைப் படிக்காதவர்களும் சொல்வார்கள். குறள் ‘சொலல்வல்லன்’ என்கிறது. வல்லுநர், வல்லரசு என்று இந்த வேரில் நாம் கட்டியவை எல்லாம் நிலைத்துவிட்டன.

ஆனால் ஒரு சிக்கல். போன் பெட்டியில் பொடி எழுத்தில் ‘5ஜி வல்ல’ என்று அச்சிட்டுப் பாருங்கள். அவசரத்தில் ‘5ஜி அல்ல’ என்று படித்துவிடுவார்கள். பொருள் நேர் தலைகீழ்! இதைச் சுட்டிய அம்பத்தூர் நண்பருக்கு நன்றி. இது லேசாக ஒதுக்கக்கூடிய எதிர்ப்பு இல்லை.

இதற்கு விடை சென்னையின் மின்னணுச் சாமான் கடைத்தெருவான ரிச்சி தெருவில் இருக்கிறது. அங்கே கடைக்காரரிடம் யாரும் ‘திறன் உண்டா’ என்று கேட்பதில்லை. ‘அண்ணே, இது 5ஜி எடுக்குமா?’, ‘எவ்ளோ ஜிபி கார்டு எடுக்கும்?’, ‘65 வாட்ஸ் தாங்குமா?’ இப்படித்தான் பேச்சு. ஒவ்வொன்றிலும் ஒரு வினை இருக்கிறது. கேப்பபிள் பிறந்த லத்தீன் வேருக்கும் எடுத்தல், கொள்ளுதல் என்பதே பொருள். ‘கெபாசிட்டி’யும் அந்த வேர்தான், செம்பரம்பாக்கம் ஏரியின் 3,645 மில்லியன் கன அடியைக் கொள்ளளவு என்கிறோமே, அதே ‘கொள்’.

ஆகவே பெயர்ச்சொல்லோடு ‘வல்ல’வைத் தனியாக ஒட்டாமல், நடுவில் வினையைக் கொண்டுவருவோம்: 5ஜி ஏற்கவல்ல போன், 4கே காட்டவல்ல டிவி, 65 வாட் தாங்கவல்ல கேபிள். ‘அல்ல’ என்று படிக்க இனி இடமில்லை. ஏவுகணைச் செய்தியில் ‘நியூக்ளியர் கேப்பபிள்’ என்ற இரண்டே சொற்களை, ‘அணு ஆயுதம் சுமந்து செல்லவல்ல’ என்று எழுதும்போது நடப்பதும் இதுதான். ஆங்கிலம் விழுங்கிய வினையைத் தமிழ் வெளியே எடுத்து வைக்கிறது. நீளம் கூடுகிறது என்பீர்கள். கூடட்டும், கருவி என்ன செய்யும் என்பது படித்தவுடன் புரிகிறதே.

இது ஒரே சொல்லாக இல்லையே, அகராதியில் எப்படி ஏற்றுவது என்று கேட்ட அக்காவுக்கு: ‘-வல்ல’ என்று ஒட்டாகவே ஏற்றலாம், ‘-தக்க’வுக்குப் பக்கத்திலேயே. கேப்பபிலிட்டிக்கு ‘வல்லமை’ போதும் என்பது என் எண்ணம். புதிதாக ஒன்று கட்ட வேண்டியதில்லை.

எதிர்மறைதான் இன்னும் தீரவில்லை. ‘5ஜி ஏற்கவல்லாத’ இலக்கணப்படி சரி, ஆனால் நாக்கில் இடறுகிறது. ‘5ஜி ஏற்காத’ என்று மட்டும் எழுதினால் அது கோளாறா, இயல்பா என்று தெரியாது. ‘ஏற்க இயலாத’ என்பதை வைத்துக்கொள்ளலாமா? கையேடு மொழிபெயர்ப்பவர்கள் இரண்டையும் நாலைந்து வாக்கியத்தில் போட்டுப் பார்த்து எழுதுங்கள். அப்புறம் முடிவெடுப்போம்.